விஜயகுமாரின் சிசிலியன்

காமயகவுண்டன்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் விஜயகுமாருக்கு ஊரில் ஒருவனையும் பிடிக்காது. சலூனில் செஸ் ஆடுகிறவர்களை அறவே பிடிக்காது. அங்கே எடுத்த எடுப்பில் இரண்டு சிப்பாய்களை ஒன்றாக நகர்த்துவார்கள். ராஜா ஒருமுறை குதிரை மாதிரித் தாண்டலாம் என்பார்கள். இவனும் பள்ளிக்கூட நாளில் அப்படித்தான் ஆடக் கற்றான்; அதைச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

"ஏ மாப்ள, இதெல்லாம் ஒரு ஆட்டமா? உலகத்துல எவனாச்சும் ராஜாவைத் தாண்ட விடுவானா?" என்று மைத்துனன் வேல்பாண்டியின் மானத்தை நாலு பேர் முன்னால் வாங்கினான்.

"எங்களுக்கு இது போதும் மச்சான். நீங்க சென்னைக்குப் போயி ஆடுங்க" என்றான் வேல்பாண்டி.

சென்னைக்குப் போகத்தான் துடித்தான். தேனியில் நடந்த போட்டியில் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால், சென்னைக்குப் போகும் மாவட்ட அணியில் இடம். அதற்காக, யூரியா கேட்டு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு, சிசிலியன் என்கிற ஆட்டத் தொடக்க முறையை யூடியூபில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தான். சிசிலி எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. அந்தப் பெயரைச் சொல்வதிலேயே ஐயாவுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

எதிரே உட்கார்ந்தவர் ஞானதுரை, கல்லூரி வாத்தியார். இந்த ஆளெல்லாம் எனக்கு ஒரு ஆளா என்று விஜயகுமார் காய்களைப் படபடவென்று நகர்த்தினான். ஏழெட்டு நகர்த்தல் ஆனதும் வாத்தியார், வீடியோவில் இல்லாத ஒரு கட்டத்தில் பிஷப்பைக் கொண்டுபோய் வைத்தார். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் வழி அடைபட்டது. விஜயகுமாருக்குப் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. பழகிய கை மட்டும் சும்மா இருக்கவில்லை. ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரி ஒரு தாண்டு தாண்ட வைத்துக் கடிகாரத்தையும் அமுக்கியது.

நடுவர் வந்து, அந்த நகர்த்தல் செல்லாது, ஆனால் தொட்ட ராஜாவை ஆடியே தீர வேண்டும் என்றார். ராஜாவுக்கு மிச்சமிருந்தது பாதுகாப்பில்லாத ஒரே கட்டம். அங்கே வைத்தான். வாத்தியார் துரத்தித் துரத்தி அடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் கையை நீட்டி, "சங்கடப்படாதீக சார். எங்க வடுகபட்டியிலயும் இப்படித்தான் ஆடுவாக. சின்ன வயசுல நானும் ராஜாவைத் தாண்ட விட்டவன்தான்" என்றார்.

கேலி செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ராஜாவைத் தாண்ட விடுகிற கூட்டத்தில் ஒருவனாகத் தன்னையும் அவர் அன்போடு சேர்த்துக்கொண்டதைத்தான் விஜயகுமாரால் பொறுக்க முடியவில்லை. நீட்டிய கையைத் தொடாமலே எழுந்து போனான்.