மேல் டிவிஷனில் மருந்தகம் திறந்த நாள்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனில் செடிகளுக்கு மருந்தடிக்கும் தொழிலாளியாக இருந்த வேலப்பன், 1969 முதல் 1982 வரை கோலாலம்பூர்த் தமிழ் நாளேடு ஒன்றுக்கு வட்டாரச் செய்தி அனுப்பி வந்தார். அச்சேறியவை இருநூற்றுப் பதினேழு. ஒவ்வொன்றையும் வெட்டி, ஐந்து பயிற்சிப் புத்தகங்களில் நாள்வாரியாக ஒட்டி வைத்திருந்தார். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, காதணி விழா, மறைவு என, நாற்பத்திரண்டு வரிசை வீடுகள் கொண்ட அந்த நான்கு லயங்களில் நிகழ்ந்தவற்றுள் அவர் விட்டவை மிகக் குறைவு. அந்த இருநூற்றுப் பதினேழில் ஒன்று மட்டும் நடக்காதது.

அவர் மனைவி இராசம்மா கொழுந்து பறிப்பவர், இழுப்பு நோய்க்காரர். மலைப்பனி இறங்கும் மாதங்களில் அவருக்கு மூச்சு முட்டும். ஊசி போடக்கூடிய டிரெஸ்ஸர் இருந்ததோ ஆறு மைல் கீழே, பெரிய டிவிஷனில். ஆள் ஏற்றும் லோரி திங்கள் முதல் சனி வரை ஓடும், ஞாயிறன்று ஓடாது. ஆகவே மேல் டிவிஷனிலேயே ஒரு மருந்தகம் வேண்டும் என்பது வேலப்பனுக்குப் பொதுக் கோரிக்கை மட்டுமன்று. வீட்டுக்குள் கேட்கும் மூச்சு அது.

அவருடைய எழுத்துமுறையை விளக்காமல் நடந்ததை விளக்க இயலாது. நாளேட்டின் வட்டாரப் பக்கம் வியாழன்தோறும் வரும். முந்திய சனிக்கிழமையே அதைக் கோத்து முடித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விழாவை நடந்தபின் எழுதினால் செய்தி பதினொரு நாள் கழித்து வரும்; பழையதென்று கழித்துவிடுவதும் உண்டு. எனவே விழாவுக்கு முந்திய செவ்வாயன்றே, ‘இனிதே நடைபெற்றது’ என்று இறந்தகாலத்தில் எழுதி, லோரி ஓட்டுநர்வழி ரிங்லெட்டில் ஹாஜா மைதீன் கடைக்கு அனுப்பிவிடுவார். தபாலில் சேர்ப்பது கடைக்காரர் பொறுப்பு. இதை எவரும் பொய்யென்று கருதவில்லை. விழா எப்படியும் நடந்துவிடும். செய்தியோடு ஒத்துப்போகாத இடங்களில் விழாவைத் திருத்திக்கொள்வார்கள். 1973 விளையாட்டுப் போட்டியில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் பரிசு பெற்றதாக அவர் எழுதி அனுப்பியிருந்தார். அன்று பரிசுக்குரியவர்கள் இருபத்திரண்டு பேர்தான். லயக் குழுவின் தலைவர் விஜயன் ஒலிபெருக்கியை வாங்கினார்.

“வேலப்பண்ணன் இருபத்தெட்டுன்னு எழுதிட்டாருலா! இன்னும் ஆறு பேரு மேடைக்கு வாங்க. நாலாவதா ஓடுனவன், கீழ விழுந்தவன், யாரா இருந்தாலும் வாங்க!”

ஆறு பேருக்கும் சவர்க்காரக் கட்டி கிடைத்தது. வியாழக்கிழமை செய்தி பிசகின்றி வந்தது.

மருந்தகம் கேட்டு 1974இல் லயக் குழு மனுக் கொடுத்தது. இரண்டாண்டுகள் கழித்து நிர்வாகம் இணங்கியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்து அறையை ஒதுக்கினார்கள். டிரெஸ்ஸருக்கு உதவியாளர் ஒருவர் அங்கேயே தங்குவார் என்றார்கள். 1976 அக்டோபரில் இரும்புக் கட்டில் ஒன்றும் கண்ணாடி அலமாரி ஒன்றும் வந்து இறங்கின. அறையைக் கழுவித் துடைத்தவர் இராசம்மா.

“படுத்துப் பாத்தேங்க,” என்று அன்று மாலை கணவரிடம் சொன்னார். “கம்பி முதுகுல குத்துது. இருந்தாலும் லோரியில குலுங்கிப் போறதுக்கு இது பட்டு மெத்தைலா.”

“ஒனக்கு முன்னாடி வேற நோயாளி படுக்கக் கூடாதோ?”

“மொதப் பேரு எம்பேரா இருக்கட்டும். நீங்கதான் பேப்பர்காரரு ஆச்சே, அதையும் சேத்து எழுதுங்க.”

திறப்பு விழா நவம்பர் 14, ஞாயிறு என்று முடிவாயிற்று. வழக்கம்போல் ஒன்பதாந்தேதி செவ்வாயன்று செய்தி போய்விட்டது. சனிக்கிழமை பெய்த மழையில் தாப்பா சாலையில் மண் சரிந்தது. நாடா வெட்ட வேண்டிய அதிகாரியால் மேலே வர முடியவில்லை. விழா தள்ளி வைக்கப்பட்டது.

திங்களன்று மழையால் வேலை இல்லை. வேலப்பன் குடையுடன் ரிங்லெட்டுக்கு இறங்கினார். கடையில் ஹாஜா மைதீன் வெங்காய மூட்டைகளை நனையாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்னா வேலப்பன், ரிப்பன் வெட்டலையாமே?”

“மண்ணு சரிஞ்சிருச்சு பாய். தாப்பாவுலேருந்து ஒரு காடியும் வரல.”

“அப்போ நீ எழுதுனது?”

“போயிருச்சுல்ல. வியாழக்கெழம வரும்.”

ஹாஜா மைதீன் மூட்டையை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். “போன் போடு. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை. இன்னிக்குத் திங்கள்தானே, அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கு. காசு வேணாம், பேசு.”

வேலப்பன் தொலைபேசியைத் தொடவில்லை. “வேணாம் பாய். வரட்டும்.”

“நடக்காதது வந்தா ஊரு சிரிக்கும்லா.”

“சிரிக்கட்டும். பேப்பர்ல வந்துட்டா தொரை தொறந்துதான் ஆகணும். நாடு பூரா படிச்சப்புறம் இல்லேன்னு சொல்ல முடியுமா?”

“ஓ! தொரைக்கே நீ தேதி குறிக்கிறியா?” என்று சிரித்துவிட்டு, கடைக்காரர் தேநீர் ஊற்றச் சென்றார்.

பதினெட்டாம் தேதி செய்தி வெளிவந்தது. மேல் டிவிஷன் மருந்தகம் பலத்த கரவொலிக்கிடையே திறந்து வைக்கப்பட்டது. இனித் தொழிலாளர்கள் சிகிச்சைக்காக ஆறு மைல் செல்ல வேண்டியதில்லை. நிர்வாகத்துக்கு லயத்து மக்கள் தங்கள் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொண்டார்கள். மூன்று பத்தி. தலைப்பு இரண்டு வரியில்.

விழா டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று. பின் தைப்பூசம் கழியட்டும் என்றார்கள். வருவதாக இருந்த உதவியாளர் ஜனவரியில் பேராக் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டார். பிப்ரவரியில், மழை ஓயும் வரைக்கும் என்று சொல்லி, அறையில் உர மூட்டைகளை அடுக்கினார்கள். மார்ச் மாதம் வேலப்பன் புதிய மனுவுடன் தோட்ட அலுவலகத்துக்குச் சென்றார். அங்குப் பல ஆண்டுகளாகக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த இராமையா மனுவை வாசிக்காமலே ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். வேலப்பனின் செய்தி அதில் ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, தட்டச்சில்.

“லேபர் ஆபீஸ்லேருந்து மருந்தகம் என்னாச்சுன்னு கேட்டு எழுதியிருந்தாங்க. வசதி செஞ்சு குடுத்தாச்சுன்னு பதில் போயிருச்சு. கூடவே இதையும் வச்சோம்.”

“தொறக்கலையே கிராணி ஐயா. ஒங்களுக்கே தெரியுமே.”

“எனக்குத் தெரியும்லா. பைலுக்குத் தெரியாதே.” இராமையா கோப்பை மூடினார். “அது மட்டுமில்ல, நன்றி வேற சொல்லியிருக்க. நன்றி சொன்னப்புறம் எவன் மறுபடியும் குடுப்பான்?”

திருத்தம் வெளியிடுமாறு வேலப்பன் நாளேட்டுக்கு ஏழு கடிதங்கள் எழுதினார். வந்த பதில் ஒன்று. அச்செய்தி தங்கள் மேல் டிவிஷன் நிருபரால் அனுப்பப்பட்டதென்றும், அதில் ஐயமிருப்பின் அன்னாரையே நேரில் அணுகுமாறும் அதில் கண்டிருந்தது. இராசம்மா அக்கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். இருமல் வந்தபின் வெகுநேரம் நிற்கவில்லை.

1979 ஆகஸ்டில், தொழிலாளர் நலனைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வரப்போவதாகத் தெரிந்தது. அவர் முன் உண்மையைச் சொல்லிவிடுவதென வேலப்பன் முடிவு செய்தார். அதற்கு முதல் நாள் மாலை, வேலப்பனின் வீட்டுக்கு விஜயன் வந்தார்.

“அண்ணே, பள்ளிக்கூடக் கூரைக்கு மனுப் போட்டிருக்கோம். அதுல ஒங்க செய்தி பதினாலு வெட்டி வச்சிருக்கோம், சாட்சிக்கு. ஒண்ணு பொய்னு நீங்களே சொன்னா பதினாலும் பொய்யாயிரும்.”

“அப்போ இவளுக்கு?” வேலப்பன் மனைவியைக் காட்டினார்.

சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த இராசம்மாதான் பேசினார். “கூரையும் வேணும் தம்பி. ஒழுகுது, எனக்கும் தெரியும். ஆனா இவரு பேசட்டும். பேசாம இருந்தா மட்டும் எனக்கு மூச்சு வந்துருமா?”

மறுநாள் ஆயாக் கொட்டகையில் எல்லாரும் கூடியிருக்க, வேலப்பன் எழுந்து நின்றார். செய்தியை எழுதியது தாம் என்றும், விழாவுக்கு ஐந்து நாள் முன்பே எழுதியதாகவும், விழா நடக்கவில்லையென்றும், நிறுத்த வாய்ப்பிருந்தும் தாம் நிறுத்தவில்லையென்றும் வரிசையாகச் சொன்னார். இராமையா அதை மலாய் மொழியில் பெயர்த்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இராமையா சற்றுத் தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னார்.

“அப்போ எழுதுனது பொய்னா, இப்போ சொல்றது மட்டும் எப்படி நெசம்னு துவான் கேக்குறாரு.”

“ரூமைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க!” என்றார் வேலப்பன்.

சாவி மேற்பார்வையாளரான மண்டோரிடம் இருந்தது. மண்டோர் கம்போங் ராஜா என்ற ஊருக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். அதிகாரி சன்னல் வழியாகப் பார்த்தார். உர மூட்டைகளுக்குப் பின்னால் கட்டிலும் அலமாரியும் தெரிந்தன. ‘கட்டில் உண்டு, அலமாரி உண்டு’ என்று குறித்துக்கொண்டு, அறையைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டுமென அறிவுறுத்திவிட்டுச் சென்றார்.

அவ்வாண்டு நவம்பரில் கூரை மனு திரும்பி வந்தது. இணைக்கப்பட்ட சான்றுகள் ஐயத்துக்குரியவை என்பது காரணம். விஜயன் ஓராண்டுக்கும் மேலாக வேலப்பனிடம் பேசவில்லை. மழைநாளில் பள்ளிக்கூடத்தில் வாளி வைத்துப் பாடம் நடத்தினார்கள். வேலப்பன் செய்தி அனுப்புவதை விடவில்லை. ஆனால் நடந்தபின் அனுப்பினார். பெரும்பாலானவை பழையவையென்று வெளிவரவில்லை. 1980இல் அச்சானவை நான்கு. 1981இல் மூன்று. லயத்தார் தங்கள் விழாக்களை வேறொருவரிடம் எழுதக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இராசம்மா 1981 இறுதியில் வேலைக்குப் போவதை நிறுத்தினார். கொழுந்துக் கூடையுடன் சரிவில் ஏற முடியவில்லை. மூச்சு முட்டும் நாள் வேலைநாளாக அமைந்தால் லோரியில் இறங்கி ஊசி போட்டுக்கொண்டு வருவார். ஞாயிறாக இருந்தால் சுவரைப் பிடித்து உட்கார்ந்து திங்களுக்குக் காத்திருப்பார்.

1982 மார்ச் 14, ஞாயிறு. காலை பத்து மணியளவில் தொடங்கிய மூச்சுமுட்டல் முன்போல் இல்லை. லோரி ஓட்டுநர் ஊரில் இல்லை. நான்கு ஆட்கள் கம்பளியை மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். முன்புறம் வலப்பக்கம் தோள் கொடுத்தவர் விஜயன். வேலப்பன் பக்கத்தில் ஓடி வந்தார். மூன்றாம் மைலுக்குச் சற்று முன் இராசம்மா இறக்கி வைக்கும்படி கையைக் காட்டினார்.

“கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கிறேன்,” என்றார். “நீங்களும் களைச்சிட்டீங்க.”

தேயிலைச் செடிகளுக்கு ஓரமாகச் சாய்த்து உட்கார வைத்தார்கள். மறுபடி தூக்கக் குனிந்தபோது தேவைப்படவில்லை. தூரம் பாதிதான் ஆகியிருந்தது. உடலைக் கீழே கொண்டுபோவதா மேலே கொண்டுபோவதா என்று நால்வருக்கும் சற்று நேரம் தெரியவில்லை. வேலப்பன் மேலே என்றார்.

அந்த மறைவுச் செய்தியை அவர் எழுதவில்லை. அதன்பின் எதையும் எழுதவில்லை.

1983 ஜூலையில் பெரிய டிவிஷன் அலுவலகத்திலிருந்து அவரை அழைத்துப்போக ஆள் வந்தது. இராமையா ஓய்வு பெற்றுவிட, அவ்விடத்துக்குச் சரோஜா என்ற இளம்பெண் கிராணியாக வந்திருந்தார். மேசைமேல் பார்வையாளர் வருகைக்கான படிவம் ஒன்று விரித்திருந்தது.

“ஒக்காருங்க ஐயா. நீங்கதான் அப்போல்லாம் பேப்பருக்கு எழுதுவீங்களாமே? மேல் டிவிஷன் மருந்தகம் எப்போ தொறந்தாங்க? பழைய பைலுங்கள கரையான் தின்னுருச்சு. ஒண்ணுமே மிஞ்சல.”

வேலப்பன் படிவத்தைப் பார்த்தார். அவருக்கு எதிராக அலுவலகத்தில் இருந்த ஒரே தாள் இப்போது இல்லை.

“தொறக்கவே இல்லேன்னு சொன்னா எழுதிக்குவியாம்மா?”

சரோஜா பேனாவால் படிவத்தில் தேடினார். உண்மையாகவே தேடினார். “அதுக்குக் கட்டம் இல்லையே ஐயா. தேதி கேட்டிருக்கு, அவ்ளோதான். காலியா விட்டா திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் மேனேஜர் என்னைத்தான் ஏசுவாரு.”

மேல் டிவிஷனில் அப்போது பதினெட்டு வீடுகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். மற்றவர்களைக் கீழே இறக்கியாயிற்று. வேலப்பன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். லோரி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“பதினாலாந்தேதி,” என்றார். “நவம்பர். எழுபத்தாறு.”

சரோஜா எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்தைப் படித்துவிட்டு, கட்டில் எத்தனை என்று கேட்டார்.

ஒன்று என்றார்.