ஸாம்பேத்தாவின் ஈரக்குலை

இரக்கம் உங்கள் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? நெஞ்சில் என்பீர்கள். கையை வைத்துக் காட்டச் சொன்னால் பாதிப் பேரின் கை சட்டைப் பையில்தான் போய் நிற்கும். தெசலோனிக்கி சந்தையில் குடல் கழுவும் ஸாம்பேத்தாவைக் கேளுங்கள். ஈரக் கையை அப்படியே வயிற்றில் வைத்துக் காட்டுவாள். உடையில் கறை படியுமே என்று யோசிக்க மாட்டாள். அந்த உடையில் கறைக்கு இனி இடமில்லை.

கைக்குழந்தையாக அகதிக் கப்பலில் வந்தவள் அவள். அப்பா யார், அம்மா யார் என்பதையெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டவள். பன்னிரண்டு வயதிலிருந்து குடல் கழுவுகிறாள். ஒரு நாணல் குச்சியை நுனியில் கொடுத்து, முழக்கணக்கான ஆட்டுக்குடலைச் சட்டையைக் கழற்றுவதுபோல உள்புறம் வெளியாக ஒரே இழுப்பில் திருப்பிவிடுவாள். பிறகு கல்லுப்பு, வினிகர், எலுமிச்சை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஊரே அவளை நம்பியிருக்கும். உயிர்த்தெழுதல் ஆராதனை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் கோப்பையில் ஆவி பறக்கும் குடல் சூப்புக்குப் பின்னால் அவளுடைய வெடித்த விரல்கள் இருக்கின்றன. சூப்பைப் புகழ்கிறவர்கள் டிராமில் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை.

நான் சந்தைக்குப் பின்தெருவில் பழைய கிரேக்கம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். வேதத்தைப் பக்திக்காக அல்ல, சொற்களுக்காகப் படிக்கிறவன். ஸாம்பேத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே ஐம்பத்தாறாம் ஆண்டு பிப்ரவரியில், அனாதை இல்லத்திலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் எடுத்து வந்தாள்.

விஷயம் இதுதான். புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தெஸ்பினா என்ற பெண் அவளுடைய அறையில் பங்குக்கு இருந்தாள். அங்கேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது காசநோயில் போய்விட்டாள். அப்போதிலிருந்து குழந்தை அனதோலியை ஸாம்பேத்தாதான் வளர்த்தாள். குழந்தைக்கு நாலு வயதானபோது, நெஞ்சைப் பரிசோதிக்க வேண்டும், இரண்டு வாரத்தில் திருப்பித் தருகிறோம் என்று இல்லத்தார் அழைத்துப்போனார்கள். திருப்பித் தரவில்லை. ‘உறவினர் எவரும் இல்லாத இக்குழந்தை, ஈஸ்டர் முடிந்ததும் அமெரிக்கத் தம்பதியரிடம் அனுப்பப்படும்’ என்றது கடிதம்.

அவளோடு நானும் போனேன். இல்லத்தின் வாசல் வளைவில் பளிங்கில் இரண்டு சொற்கள் செதுக்கியிருந்தார்கள்.

“என்ன எழுதியிருக்கு வாத்தியாரே?”

“இரக்கத்தின் ஸ்ப்லாக்னா.”

அவள் நின்றுவிட்டாள். “ஸ்ப்லாக்னாவா? நான் கழுவுற சாமான் ஆச்சே. அதை எதுக்கு வாசல்ல மாட்டியிருக்காங்க?”

அதைத்தான். ஈரல், இதயம், நுரையீரல், குடல் என்று வயிற்றைக் கிழித்தால் கைக்கு வருவதெல்லாம் அந்தச் சொல். ஈரக்குலை என்றால் உங்களுக்குப் புரியும். வேதத்தில் காட்டிக்கொடுத்த துரோகி கீழே விழுந்து வெடிக்கும்போது வெளியே கொட்டுவதும் அதுதான். பசித்த கூட்டத்தைப் பார்த்து ஒருவருக்கு உள்ளே புரளுவதும் அதுதான். மொழிபெயர்த்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டாவது இடத்தில் ‘மனதுருகினார்’ என்று எழுதிவிட்டார்கள். மனம் உருகினால் உட்கார்ந்த இடத்திலேயே உருகிக்கொண்டிருக்கலாம். குடல் புரண்டவன் எழுந்து ஓடியாக வேண்டும்.

இதைச் சொன்னதும் ஸாம்பேத்தா சிரித்தாள். “பெத்த பிள்ளையையும் அப்படித்தானே கூப்பிடுறோம், என் ஸ்ப்லாக்னோன்னு. நான் பெறலதான். ஆனா அவ இருமினா எனக்கு இங்க இழுக்குது வாத்தியாரே.” வயிற்றைத் தொட்டாள். காவல்காரர் எங்களை உள்ளே விடவில்லை.

ஆறு மனு எழுதினேன். கடைசியில் ஈஸ்டருக்கு முந்தைய வாரத்துப் புதன்கிழமை காலை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். வருடத்திலேயே அவளுக்கு வேலை மிகுந்த வாரம். வாளிகளை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். கசாப்புக்காரன் ஸ்தேர்யோஸ் பின்னாலிருந்து கத்தினான்: “பிள்ளை இல்லாம திரும்பி வந்தே, உன் குடலையே உருவிடுவேன்.” அவனுக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அது.

மேசைக்குப் பின்னால் இல்லத்தின் தலைவி பொலிக்ஸேனி அம்மாள், ஒரு குமாஸ்தா, சபையின் சார்பில் குரு நீலோஸ். ஸாம்பேத்தாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“நீ பெத்த பிள்ளையா?” என்றாள் தலைவி.

“இல்ல அம்மணி.”

“ஒறவா?”

“இல்ல.”

“ஒரே ரூம். அதுலயும் குடல் நாத்தம். அமெரிக்காவுல பிள்ளைக்குத் தனி ரூம் இருக்கு, தோட்டம் இருக்கு. ஒரு குதிரைக்குட்டிகூட வாங்கிட்டாங்களாம்.”

“குதிரைக்குட்டி நல்லதுதான். பிள்ளை இருமினா அது முதுகு தடவுமா அம்மணி?”

குமாஸ்தா குனிந்து பேனாவைத் தேடினார். பேனா அவர் காதில்தான் இருந்தது.

“வாய் நல்லாத்தான் இருக்கு. நாலு வயசாகியும் ஞானஸ்நானம் கொடுக்கல. இதுதான் நீ வளர்த்த லட்சணமா?”

ஸாம்பேத்தா தன் கைகளைப் பார்த்தாள். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் மெல்லச் சொன்னாள்: “கொடுத்தாச்சு. நான்தான் கொடுத்தேன். காத்துல.”

எனக்கே அது புதுச் செய்தி. இந்த ஊரில், சாகப்போகிற சிசுவுக்குக் குரு வந்துசேர நேரமில்லையென்றால், அருகிலிருக்கும் எந்த விசுவாசியும் பெயர் சொல்லி மூன்று முறை காற்றில் தூக்கி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிழைத்தால் கோயிலில் சொல்ல வேண்டும். மிச்சச் சடங்கைக் குரு முடிப்பார். தூக்கியவர் ஞானப் பெற்றோர் ஆவார். ஸாம்பேத்தா யாரிடமும் சொன்னதில்லை.

நீலோஸ் ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பினார். “எத்தனை தடவை தூக்கின?”

“மூணு.”

“என்ன சொன்ன?”

“தேவனோட ஊழியக்காரி அனதோலி ஞானஸ்நானம் வாங்குறான்னு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஒவ்வொண்ணுக்கும் ஆமென் சொன்னேன் சாமி.”

“கோயிலுக்கு ஏன் வந்து சொல்லல?”

“கை சுத்தமா இல்ல. பனி கொட்டுது, தெஸ்பினா மயக்கமாக் கிடக்கா, பதினோரு நாள் பிள்ளை நீலமாப் போகுது. நான் அப்பத்தான் ரெண்டு வாளி குடல் முடிச்சிருந்தேன். பித்தமும் பசையுமா அப்படியே தூக்கிட்டேன். அந்தக் கையால தூக்கினது செல்லாது, பாவம்னு நெனச்சேன். சொன்னா பிள்ளைக்கும் ஒட்டிக்கும்னு பயந்துட்டேன்.”

குரு சொன்னார்: “கையைக் கழுவப் போயிருந்தா பிள்ளை போயிருக்கும் மகளே. அது செல்லும்.”

“ஈஸ்டருக்கு அடுத்த தோமா ஞாயித்துக்கிழமை இவளுக்கு நான் ஞானத்தாயா நிக்கிறதா இருந்துச்சே. பட்டுத்துணி எல்லாம் எடுத்தாச்சு” என்றாள் தலைவி.

“பட்டுத்துணியை வேற பிள்ளைக்குக் கொடுங்க. இந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய்னு ஒரு ஒறவு இருக்கு. உங்க எதிர்ல நின்னுக்கிட்டு இருக்கா. மொதல்ல அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்க. என் கையெழுத்து இல்லாம பிள்ளை போக முடியாது. நான் போடப் போறதில்ல” என்றார் குரு.

ஸாம்பேத்தா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் சடங்குகளை நம்பாதவன். அன்று ஒரு சடங்கு எனக்கு வேண்டியதைச் செய்து கொடுத்தது. நன்றி சொல்கிறேன். ஆனால் என் கோபம் குறையவில்லை. இரண்டு வருடம் ஊட்டியது கணக்கில் வரவில்லை. ராத்திரி ராத்திரியாக முதுகு தடவியது வரவில்லை. மூன்று நொடி காற்றில் தூக்கியதுதான் வந்தது. இது என்ன நியாயம்? காற்றில் தூக்காமல் வளர்த்திருந்தால் அவள் வெறும் குடல்காரி, அப்படித்தானே?

குழந்தையைக் கூட்டி வந்தார்கள். பேனுக்குப் பயந்து தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அனதோலி ஓடிவரவில்லை. கிட்ட வந்து, ஸாம்பேத்தாவின் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.

“வினிகர் கம்மியா இருக்கு. வேலை முடிக்கலயா?”

“முடிக்கல, என் ஈரக்குலையே. வா, ரெண்டு பேரும் போய் முடிப்போம்.”

அந்த வருடம் எங்கள் தெருவில் எல்லாருடைய குடலும் ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஸ்தேர்யோஸ் மட்டும் குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவி, “எந்த ஆட்டுக்கடையில முடி வெட்டினாங்க?” என்று கேட்டான்.

ஆனால் வெளியே வரும்போது குமாஸ்தாவின் மேசையில் இருந்த பதிவேட்டை நான் பார்த்தேன். இன்னும் முப்பத்தொரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘உறவினர்: இல்லை’. அந்த ‘இல்லை’யை எழுதியவர் சந்தையில் கேட்டாரா, தொழிற்சாலை வாசலில் கேட்டாரா, பக்கத்து அறைக் கதவைத் தட்டினாரா? உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இல்லம் இருக்கும், இப்படி ஒரு பதிவேடு இருக்கும். நாளைக் காலை போங்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காவல்காரர் தடுத்தால் மனு எழுதுங்கள். ஆறு போதவில்லையென்றால் ஏழாவதையும் எழுதுங்கள். ஏதாவது ஒரு பெயருக்கு எதிரே உள்ள ‘இல்லை’யைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழந்தையை வளர்த்த கை எது என்று தெருத்தெருவாக விசாரியுங்கள்.