மாவுக்குள் அடைத்த சாறு

இந்தப் பினாங்கில் சீனர்கள் கொதிக்கும் சாற்றை மாவுக்குள் அடைத்து விற்கிறார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். மூங்கில் தட்டில் ஆவியில் வேகவைத்த வெள்ளை உருண்டை, தலையில் சேலைக் கொசுவம்போல் மடித்துப் பிடித்திருக்கும். கடித்தால் உள்ளேயிருந்து சாறு பாயும். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் என் மூத்த மகன் அந்தோணி என்னை அப்படி ஒரு கடைக்குக் கூட்டிப்போனது, இயேசு பாலன் பிறப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை. நாலு மர மேசை, ஈரத் தரை, வாசலில் அடுப்பு. கடை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடாத சுத்தபோசனம் கத்தோலிக்கர் எல்லாருக்கும் உள்ளது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு அதற்கு மேலும் ஒன்று உண்டு. பிள்ளை கடலில் இருக்கும்போது தாய் அதை முறித்தால், அந்த முறிவு வள்ளத்தில் போய்ச் சேரும் என்பார்கள். என் மாமியார் காய்ச்சலில் கிடந்த ஒரு வெள்ளியன்று, வைத்தியர் ஆட்டுக்கால் சாறு குடிக்கச் சொன்னார். மாமியார் சட்டியைத் தள்ளி வைத்தார். "மவன் கரையேறட்டும், அப்புறம் கொண்டா" என்றார். மறுநாள் என் வீட்டுக்காரர் கரையேறி, ஈர வேட்டியோடு அந்தச் சட்டியைச் சூடாக்கிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் இங்கே வந்த சமயம் என் இளையவன் சவரிமுத்து தனுஷ்கோடியில் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருந்தான். கப்பலேறி வந்த பிறகும் அவனுக்காக நான் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை.

அப்படிப்பட்டவள் அந்தத் தட்டைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கொழுக்கட்டை. மாவு பிசைந்த கைக்குத் தெரியாதா? உள்ளே தேங்காயும் வெல்லமும்தான் இருக்கும். கடைக்காரி என் வயதுச் சீனத்தி. ஓடிவந்து, கரண்டியில் வை, ஓரத்தைக் கடி, ஊது என்று சைகை காட்டினாள். எனக்கா தின்னச் சொல்லித் தருகிறாள் என்று முழுசாக வாயில் போட்டேன். நாக்கு வெந்தது. நாலு பேர் முன்னால் துப்ப மனமில்லாமல் விழுங்கினேன். விழுங்கிய பிறகுதான் தொண்டையில் கொழுப்பு தெரிந்தது.

"ஏலே, உள்ள என்னலே இருக்கு?"

"பன்னிக்கறிம்மா. சாறும் அதுலதான்."

"இன்னைக்கு என்ன கெழமை?"

அந்தோணி கரண்டியைக் கீழே வைத்தான். "இங்கன யாரும்மா கெழமை பாக்குறா? ஞாயித்துக்கெழமையும் மூட்டை எறக்குறேன்" என்றான். பிறகு மெதுவாக, "தம்பி இன்னைக்குக் கடலுக்குப் போயிருக்க மாட்டான்" என்றான்.

"ஒனக்குத் தந்தி அடிச்சுச் சொன்னானா?"

 நாக்கு வெந்துதான் என் கண் கலங்கியது என்று நினைத்து, கடைக்காரி குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சில நாளில் காப்பிக்கடை வானொலி புயல் என்றது. தனுஷ்கோடி என்றது. ரயில் என்றது, பாம்பன் பாலம் என்றது. அந்தோணி அடித்த தந்திகளுக்குப் பதில் இல்லை. இங்குள்ள மாதா கோயில் சாமியார், தெரியாமல் தின்றது பாவமில்லை என்றார். நான் பாவத்தைக் கேட்கவில்லை. பிள்ளையைக் கேட்டேன்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கடைக்கு நானே போகிறேன். ஒரு தட்டு வாங்கித் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் சூட்டுக்குப் பயப்படுகிறேன் என்று கடைக்காரி முதலில் விசிறினாள். இப்போது விசிறுவதில்லை. ஒருநாள் ஆறிப்போன ஒன்றைப் பிய்த்துக் காட்டினாள். உள்ளே சாறு நுங்கு மாதிரி உறைந்து கிடந்தது. அடுப்பைக் காட்டி, திரும்ப ஏற்றினால் இளகிவிடும் என்று சைகை செய்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஊர்க் கோயில் உபதேசியாரிடம் எழுத்துக் கூட்டிப் படித்த அளவுக்கு இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர்கள் இதை வாசித்தால், இடது புருவத்தில் தூண்டில் முள் கிழித்த தழும்புள்ள சவரிமுத்துவைத் தேடிப் பாருங்கள். நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன். கண்டால், அம்மா இன்னும் சட்டியைத் தொடவில்லை என்று சொல்லுங்கள். அவனுக்குப் புரியும்.

ஊரில் வள்ளம் வரக் கிழக்கே பார்த்து நிற்போம். இங்கிருந்து ஊர் மேற்கே இருக்கிறது. அதனால் நாற்காலியை மேற்கே திருப்பிப் போட்டுத்தான் உட்காருகிறேன். தட்டு ஆறுகிறது. கழுத்து மட்டும் அதுவாகக் கிழக்கே திரும்புகிறது.