வியாழனுக்கு நாலு பொட்டு

மூதூர் லோஞ்சில் சுக்கான் பிடிக்கும் தண்டையல் பேணாட்டுக்கு மாலையில் மனிதர் துணை தேவையில்லை. கொட்டியாரக் குடாவைக் கடந்து, சனத்தைத் திருகோணமலையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாரென்றால் ஒரு தேத்தண்ணி, ஒரு கதிரை, கிணற்றுத் தூணில் பூட்டிய தொலைநோக்கி. அவ்வளவுதான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டியபோது ஓர் அதிகாரி விட்டுப்போன பித்தளைச் சாமான் அது. மற்றவர்கள் கட்டில், அலுமாரி என்று அள்ளிக்கொண்டு போக, இந்த மனிசன் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். மனைவி மக்டலின் ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வியாழன்தான் அவருக்குப் பிடித்தது. அதன் பக்கத்தில் நாலு சின்னப் பொட்டுகள் நிற்கும். அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தார். இன்றைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஒன்று. நாளைக்குப் பார்த்தால் எல்லாம் இடம் மாறியிருக்கும், ஒன்று பின்னால் ஒளிந்தும் இருக்கும். நாளை எது எங்கே நிற்கும் என்று மனதுக்குள் கணித்து வைத்து, மறுநாள் அது அப்படியே நின்றால் பேணாட்டுக்கு வரும் சந்தோசத்தை வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும். பார்த்ததைக் கொப்பியில் ஒரு வட்டமும் நாலு புள்ளியுமாகக் கீறி வைப்பார். மக்டலின் ஒரு நாளும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தவள் அல்ல. ஆனால் சோறு போடும்போது, "இண்டைக்கு எப்பிடி நிக்குதாம்?" என்று கேட்காமல் விடமாட்டாள்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முதலில் அவருடைய இடக்கண்ணைக் கொண்டுபோனது. எழுபத்திமூன்றில் கண்டிக்குப் போய்க் காட்டியபோது, வலக்கண்ணுக்குப் பின்னாலும் இரத்தம் கசிகிறது, இதற்கு மருந்தில்லை என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் வந்து, வயசுக்கோளாறாம் என்று பேணாட் சொன்னார்.

லோஞ்ச் கொம்பனி வருசத்துக்கு ஒருமுறை கண் பார்க்கும். சுவரில் எழுத்து அட்டை தொங்கும், தள்ளி நின்று வாசிக்க வேண்டும். தண்டையல்மார் இதற்கெல்லாம் மசிகிற ஆட்களா? உள்ளே போய் வந்தவன் வெளியில் நிற்பவனுக்கு எழுத்துகளை ஒப்புவிப்பான், அவன் அடுத்தவனுக்கு. பேணாட்டும் மளமளவென்று ஒப்புவித்துத் தப்பிவிட்டார். பழகிய வழியில் சுக்கான் பிடிக்கக் கை போதுமாயிருந்தது. குறுக்கே தோணி வந்தால் எஞ்சின்காரன் முஹம்மது தம்பி குரல் கொடுப்பான்; கண் அவ்வளவுக்கு மோசம் என்று அவனுக்கும் தெரியாது. ஒரு முறை அவன் கத்தியது பிந்திவிட்டது. வலைத்தோணி ஒன்று மயிரிழையில் தப்பியது. அதைப் பேணாட் வீட்டில் பகிடி போலச் சொன்னார். மக்டலின் சிரிக்கவில்லை.

எழுபத்திநாலு ஓகஸ்டில் வியாழன் பொழுதுபட்ட கொஞ்ச நேரத்தில் கடலுக்கு மேலே ஏறியது. பேணாட் குழாயில் கண்ணை வைத்தார். கரைந்த வெண்ணெய் போல ஒரு மங்கல். பொட்டு ஒன்றுகூட இல்லை. உப்புக்காற்று கண்ணாடியில் படிந்துவிட்டது என்று சாரத் தலைப்பால் துடைத்தார். மறுநாள் கழற்றிக் கழுவினார். அதற்கு அடுத்த நாள் மாதாவிடம் அழுதார். கடைசியில், எழுத்து அட்டைக்குச் செய்த வேலையையே வானத்துக்கும் செய்தார்: பழைய கொப்பியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, ஏதோ ஒரு நாளின் படத்தைப் பார்த்துப் புதுக்கொப்பியில் கீறினார். அட்டையில் எழுத்து இடம் மாறாது. வியாழனின் பொட்டு மாறும். அது அவருக்குத் தெரியாததல்ல. மக்டலினுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தார்.

ஒரு மாலை கிழக்கே ஒரே கருமுகில். கொடியில் கிடந்த உடுப்பை ஓடி ஓடி எடுத்தவள் மக்டலின். அன்றைக்கும் சோற்றுக்கு முன்னால் இருந்து, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று என்று பேணாட் வாய் கூசாமல் சொன்னார். மறுநாள் வானம் வெளுத்திருந்தது. அவர் அதே கதையைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனதும், அவள் கிணற்றடிக்குப் போய், பதினேழு வருசத்தில் முதல் தடவையாகக் குழாயில் கண்ணை வைத்தாள். திரும்பியபோது அவர் பின்னால் நின்றார்.

"நாலும் ஒரே பக்கத்திலயெல்லே நிக்குது," என்றாள்.

பேணாட் கிட்ட வந்தார். "வடிவாத் தெரியுதோ?"

"ஓம். ஊசியால குத்தி விட்ட மாதிரி."

பிழை கண்ணாடியில்தான் என்று ஒரு நூல் அளவு நம்பிக்கையை அவர் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தார். அது அறுந்தது. கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து, வெட்கமில்லாமல் அழுதார். மக்டலின் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"நாளைக்குக் கொம்பனியில சொல்லுங்கோ. லோஞ்சில குஞ்சு குருமனோட சனம் வருது."

"சொன்னா என்ர கண் போயிட்டுது எண்டு ஆகிடும், மக்டலின்."

"அது போயிட்டுதப்பா."

விடிந்ததும் இறங்குதுறைக்குப் போய் மனேச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுக்கான் வேறொருவன் கைக்குப் போனது. லோஞ்ச் புறப்பட்டபோது பேணாட் எஞ்சின் சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பி, அது ஓயும் வரைக்கும் நின்றார். முஹம்மது தம்பி பின்பக்கத்தில் நின்று, முனை திரும்பும் மட்டும் அவருக்குக் கை காட்டிக்கொண்டே போனானாம். பின்னேரம் வந்து, ஏன் அண்ணே நீங்கள் கையைத் தூக்கவில்லை என்று கேட்டான்.