கேஸ் ஜீப்பில் மறைமலை நகருக்கு ஒரு நேர்காணல்

காலை எட்டு மணிக்குச் சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் மறைமலை நகர். மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், பழைய ஜீப்புக்குக் கேஸ் கிட் மாட்டிய ஒரு மனிதரோடு கத்திரி வெயிலில் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு தடவை போய்விட்டு வந்து கேட்கட்டும்.

அந்த மனிதர் என் வீட்டுக்காரர். பெயர் ரவி. தாம்பரத்தில் ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள், கிரிக்கெட் பார்ப்பார்கள். இவர் ஏலத்தில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை எடுத்தார். மலை ஏறும், சேற்றில் இறங்கும் என்றார். சேலையூரில் மலை எங்கே இருக்கிறது? பெட்ரோல் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாமல் அதைக் கேஸில் ஓடும்படி மாற்றினார். அப்புறம் பெட்ரோல் பம்ப் செத்துப்போனது. கேஸ்தான் இருக்கிறதே என்று அதை அப்படியே விட்டுவிட்டார். ஆகவே கேஸ் வரவில்லை என்றால் வண்டி அவ்வளவுதான்.

எனக்கு அன்று பதினோரு மணிக்கு நேர்காணல். மறைமலை நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை, அதுவும் நிரந்தர வேலை. ஆறு வருடமாக யாராவது பிரசவத்துக்கு லீவு போட்டால் அவர்கள் நாற்காலியில் உட்கார்வதும், அவர்கள் திரும்பி வந்ததும் எழுந்து கொடுப்பதுமாக இருந்தவள் நான். இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதல் நாள் ராத்திரியே சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்துவிட்டேன்.

"நான் ட்ரெயின்ல போயிடறேங்க. ஆறு ரூபா டிக்கெட்," என்றேன்.

"இன்டர்வியூக்குப் போறவ கூட்டத்துல கசங்கிட்டுப் போவியா? ராணி மாதிரி வாசல்ல இறக்கி விடறேன், ஏறு."

ஆசையாகச் சொன்னார். நானும் ஆசைப்பட்டு ஏறினேன்.

எட்டரை மணி, இரும்புலியூர். ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்த கையோடு வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. ரவி இறங்கி பானெட்டைத் திறந்தார். ப்ளக் கரி பிடித்திருக்கும் என்று நான்கையும் கழற்றித் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினார். அரை மணி நேரம். சாவியைத் திருப்பினார். ஓடியது. "பாத்தியா, ப்ளக்தான்!" என்று என் தொடையில் தட்டினார். கையில் இருந்த கரி சேலையில் ஒட்டியது. நல்ல நாளும் அதுவுமாக எதுவும் சொல்ல வேண்டாம் என்று முந்தானையால் மறைத்துக்கொண்டேன்.

ஒன்பதேகால், பெருங்களத்தூர். மறுபடியும் இருமல், மறுபடியும் நின்றது. ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களுக்குப் பொழுது போக எங்கள் ஜீப் கிடைத்தது. ஆளுக்கு ஒரு வியாதி சொன்னார்கள். லாரி ஓட்டுகிற ஒருவர், தீப்பொறி கொடுக்கிற பாய்ன்ட் தேய்ந்திருக்கும் என்றார். உப்புத்தாள் வாங்கி வந்து அதைத் தேய்த்தார்கள். பத்து மணிக்கு வண்டி கிளம்பியது. லாரிக்காரருக்கு ரவி டீ வாங்கிக் கொடுத்தார்.

கிளம்பாமலே கிடந்திருந்தால் நான் அங்கேயே ரயிலேறியிருப்பேன். கிளம்பித் தொலைத்ததுதான் என் கெட்ட நேரம்.

பத்தேகால், வண்டலூர். மிருகக்காட்சி சாலைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பஞ்சர் கடை வாசலில் மூன்றாவது தடவையாக நின்றது. செங்கல்பட்டுப் போகிற பஸ்களுக்குக் கை காட்டிப் பார்த்தேன். நிறுத்தம் இல்லாத இடம், ஒன்றும் நிற்கவில்லை. பள்ளிக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கரண்ட்டு வர்லியா? காயில் பூட்டுக்கும். கன்டென்சரும் சேத்து மாத்திடு சார், பேஜாரே இல்ல."

"அதான் நானும் நெனச்சேன்," என்றார் ரவி. அவர் அப்படி நினைக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். டூல்ஸ் பெட்டியில் வைத்திருந்த, ப்ளக்குக்குக் கரண்ட் அனுப்பும் பழைய காயில் ஒன்றைத் தேடி எடுத்தார்.

நானும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சிலிண்டரிலிருந்து வருகிற கேஸை ஆவியாக்கி இன்ஜினுக்கு அனுப்பும் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஐஸ். மே மாத வெயிலில், கொதிக்கிற இன்ஜினுக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜில் இருப்பது போல ஐஸ்!

"ஏங்க, இது ஏன் உறைஞ்சிருக்கு?"

"கேஸுன்னா சில்லுன்னுதான்கா இர்க்கும்," என்றார் பஞ்சர் கடைக்காரர். அதன் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். "அப்பாடா! நீயும் வெச்சிப் பாருக்கா."

மிருகங்களைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், முதலில் ஓசியில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டுக்காரரும் வந்து கை வைத்துக் கழுத்தில் தடவிக்கொண்டார். ரவியும் வைத்தார். என் கேள்வி அதோடு முடிந்தது. எல்லோரும் திரும்பக் காயிலுக்குப் போய்விட்டார்கள்.

"ரெண்டே நிமிஷம், சுமதி."

அந்த ரெண்டே நிமிஷத்தைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்குப் பையை எடுத்துக்கொண்டு வண்டலூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். என் கண்ணெதிரே ஒரு ரயில் போனது. அடுத்தது வர அரை மணி ஆனது. உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக அது நின்று நின்று போனதில் எனக்கு அழுகை வந்தது.

பள்ளி வாசலை மிதித்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஆபீசில் இருந்த ஒரு அம்மாள் என்னையும் சேலையையும் பார்த்தார்.

"ரெண்டு தடவ பேர் கூப்பிட்டோம்மா. கணக்குக்கு ஆள் எடுத்தாச்சு. டிராஃபிக்கா?"

"இல்ல, ஜீப்பு," என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வெளியே வந்து, ஒரு மரத்தடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

மதியம் ரயிலில் திரும்பினேன். தாம்பரம் வரை டிக்கெட் இருந்தும் வண்டலூரில் இறங்கினேன். திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன். அதற்கான வார்த்தைகளைக் கூடுவாஞ்சேரியிலேயே அடுக்கி வைத்துவிட்டேன்.

ஜீப் அதே இடத்தில்தான் நின்றது, ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரவி முழங்கை வரை கரியோடு ஓடி வந்தார்.

"சுமதி, கண்டுபிடிச்சிட்டேன்! நீ கேட்டியே, ஏன் ஐஸ்னு? அதான் விஷயமே! போன வாரம் தண்ணி ஒழுகுதுன்னு ரெண்டு ஹோஸை அடைச்சேன்ல? ஹீட்டருக்குப் போற லைன்னு நெனச்சேன். மெட்ராஸ்ல எவனுக்கு ஹீட்டர் வேணும்னு அடைச்சிட்டேன். அது ஹீட்டர் லைனே இல்ல. இன்ஜின் சுடுதண்ணி அந்தப் பெட்டிக்குப் போற லைன். சுடுதண்ணி போகலன்னா பெட்டி உறைஞ்சு கேஸ் அடைச்சுக்குது. நாம நிறுத்தி நோண்டற நேரத்துல வெயில்ல ஐஸ் உருகிடுது, வண்டி ஓடுது. நாம என்னடான்னா ப்ளக்க மெச்சிக்கிறோம், பாய்ன்ட்ட மெச்சிக்கிறோம்! இப்ப அடைப்ப எடுத்து விட்டுட்டேன்."

ஏறி உட்கார்ந்தேன். அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. ஜீப் ஒரு இருமல் இல்லாமல் வெண்ணெய் மாதிரி போனது. பெருங்களத்தூர் வரை ஹோஸைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம் சுடுதண்ணியைப் பற்றிப் பேசினார். வேலை என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உள்ளே கொதித்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரும்புலியூர் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார். காலையிலிருந்து எதை ஓட வைக்கச் செத்துப் பிழைத்தாரோ, அந்த இன்ஜினை அவரே அணைத்தார்.

ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "கேக்கவே பயமா இருக்கு. அதான் பேசிட்டே வந்தேன். வேலை...?"

"இல்ல. ஆள் எடுத்துட்டாங்க."

பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"என்னாலதான்," என்றார்.

"ஆமா. உங்களாலதான்."

சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சொல்லியிருந்தாலும் அது பொய். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் இருந்த கரி கன்னமெல்லாம் அப்பியது. காலையாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"வண்டிய எடுங்க. பசிக்குது," என்றேன்.

சாவியைத் திருப்பினார். தொட்டவுடனே கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்க இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.