இடது காதில் அக்கா

அன்றைக்கு எங்கள் தீவின் நாடி என்கிற ஊரில், அந்த ஸ்டூடியோ அறைக்குள் இருந்தவர்கள் நாலு பேர். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என் மனைவி, ஸ்டூடியோக்காரர், நான். வேறு யாரும் இல்லை. ஆனால் டேப்பில் பதினோரு பேர் இருந்தோம்.

அந்தப் பதினோரு பேரும் மூன்று மாதத்துக்கு முன்பு எங்கள் ஊர் வரதோலியில், கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நின்று பாடியவர்கள். தீமிதிக்குப் பத்து நாளும் பாடுகிற பாட்டுகள். மச்சான் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடுவோம். ஸ்டூடியோக்காரர் மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து பதிவு செய்தார். மச்சானுக்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. முதல் தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறு வருஷம் அது, எங்கள் ஜனங்கள் தீவை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். பதிவு முடிந்த மூன்று மாதத்தில் பதினோரு பேரில் நாலு பேர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். மனைவியின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் கனடாவுக்கு. மச்சானுக்கு அந்த வாரம் சனிக்கிழமை சிட்னி விமானம். நாங்கள் ஸ்டூடியோவுக்குப் போனது செவ்வாய்க்கிழமை. நாலு மைக்கில் பிடித்ததை ஸ்டூடியோக்காரர் ஒன்றாகக் கலந்து காட்டுவார்; எந்தக் கலவையை இருநூறு கேசட்டில் ஏற்றுவது என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும். பிறகு திருத்த முடியாது. பாடியவர்களை மறுபடி ஒரு கொட்டகையில் நிறுத்தவும் முடியாது.

எனக்கு எதிலும் கெட்டதுதான் முதலில் தோன்றும். வழியில் சிப்பாய்கள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தியபோது, டேப்பைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். டேப் எங்களிடம் இல்லை, ஸ்டூடியோவில் இருக்கிறது என்பது அடுத்த ஊர் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஸ்டூடியோக்காரர் முதல் கலவையைப் போட்டார். மச்சான் குரல் எதிரொலியோடு அறை முழுக்க நின்றது. மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது.

"ரேடியோவுல வர்ற மாதிரி இருக்கு, மாப்ளே. இது நான்தானா?"

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். ஸ்டீரியோ என்றால் பெரிய ரேடியோ என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் டியூபைக் காதோரம் வைத்து, காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடித்துப் பழகிய காது எனக்கு. இந்தப் பாட்டில் காற்றே போகவில்லை. சொல்வதா வேண்டாமா என்று ஒரு பாட்டு முழுக்க யோசித்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன்.

"மச்சான், நீங்க எங்க மூச்சு விட்டீங்க?"

"என்னது?"

"வரிக்கு வரி நடுவுல மூச்சே இல்ல. நாங்க திருப்பிப் பாடுறப்பதானே நீங்க மூச்சு வாங்குவீங்க."

மனைவி நிமிர்ந்தாள். "ஆமா அண்ணே, நாங்க எல்லாம் எங்க? ஒருத்தரையும் காணோமே."

"நீங்க எல்லாரும் கனடா போயிட்டீங்க போல," என்று மச்சான் சிரித்தார். சொன்ன பிறகுதான் அக்கா ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஸ்டூடியோக்காரருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் இந்தியில் கேட்டோம். அவர் பெருமையாகவே பதில் சொன்னார்: "ஒரே வரி ரெண்டு தடவை வருது அண்ணா. ஒத்திகையாக்கும்னு ரெண்டாவதை வெட்டிட்டேன். ஆறு பாட்டு பிடிக்கிற கேசட்டில் இப்ப பத்து பாட்டு! வெட்டினதுக்குக் காசுகூட வாங்கல."

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நாங்களும் சொல்லவில்லையே. திருப்பிப் பாடுவதும் பாட்டுதான் என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வெட்டியது நகல்தான், மூல டேப் முழுசாக இருக்கிறது என்று அவர் சொன்னதும்தான் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு பாட்டை மட்டும் மறுபடி கலந்து காட்டினார். இப்போது எல்லாரும் இருந்தோம். ஆனால் ஒரே இடத்தில், மண்ணெண்ணெய் டின்னுக்குள் அடைத்த மாதிரி. எது யார் குரல் என்று பிரிக்க முடியவில்லை. மச்சான் உதட்டைப் பிதுக்கினார். "முதல்லதே மேல்."

ஸ்டூடியோக்காரர் கொஞ்ச நேரம் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு காதில் மாட்டுகிற ஹெட்போனை என்னிடம் நீட்டினார். ஒன்றுதான் இருந்தது. "இதில் கேளுங்க."

மாட்டிக்கொண்டேன். அந்த அறை காணாமல் போய்விட்டது. நான் கொட்டகையில் நின்றேன். மச்சான் எதிரே நடுவில். பெண்கள் இடது பக்கம், அன்றைக்கு நின்ற அதே பக்கம். நான் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே ஸ்டூடியோவின் சுவர் இருந்தது. மூன்றாவது வரியில் தகரக் கூரைமேல் தூறல் விழ ஆரம்பித்தது. அன்றைக்கு மழை பெய்ததே எனக்கு மறந்திருந்தது, டேப்புக்கு மறக்கவில்லை. வலது பக்கம் ஆண்கள். அங்கே ஒரு குரல் மட்டும் எப்போதும் அரைத் தாளம் பிந்தி வந்தது. மற்றவர்கள் தொடங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குகிற குரல். அது நான். என் பயம்கூடப் பதிவாகியிருந்தது. அதே ஆட்கள், அதே நாள், அதே டேப். ஒரு மனுஷன் நாலு குமிழைத் திருகி எங்களை இல்லாமல் ஆக்கினான், டின்னில் அடைத்தான், இப்போது ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

மனைவியிடம் கொடுத்தேன். மாட்டிய கொஞ்ச நேரத்தில் இடது காதைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"அக்கா வளையல்," என்றாள். ஹெட்போன் மாட்டியிருந்ததால் சத்தமாகச் சொன்னாள். "தொண்டையைக் கனைக்கிறா பாருங்க. பாடுறதுக்கு முன்னாடி எப்பவும் கனைப்பா."

ஸ்டூடியோக்காரர் பதறி, அந்த வளையல் சத்தத்தை எடுத்துவிடலாம் என்றார். மனைவி ஹெட்போனைக் கழற்றாமலே அவர் கையைத் தட்டிவிட்டாள்.

இப்படி எல்லாப் பாட்டையும் செய்ய இன்னும் இரண்டு நாள் வேண்டும், வியாழக்கிழமைக்குள் முடித்துத் தருவேன் என்றார் அவர். ஆறு பாட்டுதான் கொள்ளும். நாலு பாட்டை விட வேண்டும். மச்சானுக்கு அந்த நாலும் பிடித்தவை. சிட்னியில் இவரை யாருக்கும் தெரியாது, முதல் கலவையைப் போட்டுக் காட்டினால் பெரிய பாடகர் என்று நினைப்பார்கள். முடிவு அவருடையது.

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. திரும்பப் போடச் சொன்னார். இரண்டாம் தடவை, பின்பாட்டு வருகிற இடங்களில் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். டேப்பில் இருந்த மச்சானோடு சேர்ந்து இவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலு பாட்டு போனாப் போகட்டும். அங்க போய் நான் தனியாத்தானே பாடப் போறேன். இதுலயாவது எல்லாரும் கூட இருங்க."

அந்த இரண்டு நாளுக்கு நூற்றெண்பது டாலர் ஆகும் என்றார் ஸ்டூடியோக்காரர். மச்சான் கையில் இருந்ததெல்லாம் டிக்கெட்டுக்குப் போயிருந்தது. "நான் தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மற்றவர்கள் தொடங்குகிறார்களா என்று பார்க்காமல் தொடங்கினேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எத்தனை பஞ்சர் ஒட்டினால் நூற்றெண்பது டாலர் சேரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன், அது வேறு.

சனிக்கிழமை மச்சான் முதல் கேசட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். விமான நிலையத்துச் சோதனை மெஷின் பாட்டை அழித்துவிடும் என்று நான் பயந்தேன். அழிக்கவில்லை.

நாடிப் பக்கம் போகும்போதெல்லாம் பத்து, பதினைந்து என்று கொடுத்துவந்தேன். நூற்றுப் பதினைந்து கொடுத்திருந்தபோது, ஒரு நாள் போனால் ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு ஆக்லாந்து போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். முகவரி யாரிடமும் இல்லை. எங்கள் எல்லாரையும் ஒரே கொட்டகையில் நிறுத்திய அந்த மனுஷனுக்கு நான் இன்னும் அறுபத்தைந்து டாலர் தர வேண்டும்.