அக்காவின் போனுக்குப் பொருந்தாத பாடம்

போனில் படிக்கும் பாடங்களுக்குப் பக்கம் அமைப்பது என் வேலை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே அலுவலகம். மதியம் ஆவதற்குள் ரசத்தின் வாசனை படியேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பெனிகள் தங்கள் தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுப்பார்கள். அது பெரிய கணினியிலும் கையகலப் போனிலும் அந்தந்தத் திரைக்கேற்ப விரிந்து மடங்கும்படி நான் அடுக்கித்தர வேண்டும். கேட்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையாகவே தோன்றாது. என் அக்காவுக்கு மட்டும் நான் ஏதோ ராக்கெட் விடுகிற மாதிரி.

அக்கா கிள்ளானில் இருக்கிறாள். ஷா ஆலமில் உணவுப் பாக்கெட் போடும் ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களை ரசாயனம் ஊற்றிக் கழுவும் வேலை. ஒப்பந்தத்தை வருடாவருடம் புதுப்பிப்பார்கள். அத்தான் இறந்த பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. போன வருடம் புது விதி போட்டார்கள்: ரசாயனப் பாதுகாப்புப் பாடத்தைப் போனில் படித்து, பரீட்சையிலும் தேறினால்தான் ஒப்பந்தம். அந்தப் பாடத்தைச் செய்யும் வேலை சுற்றிச் சுற்றி எங்கள் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது.

"அப்ப நீதான் எனக்கு டீச்சரா?" என்று அக்கா சிரித்தாள். "பாத்து லேசா போடுடி."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போய் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியில் மூலைக்கு மூலை கீறல். எழுத்தை இருப்பதிலேயே பெரிய அளவில் வைத்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கிட்டத்தில் இருப்பது மங்கல்தான். அந்தப் போனை மனதில் வைத்தே எல்லாவற்றையும் அடுக்கினேன். படம் மேலே, எழுத்து கீழே, விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொள்ளலாம். பதில்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, கட்டைவிரல் தாராளமாகப் படும் அளவில். தவறித் தொட்டாலும் பாதகமில்லை. கடைசியில் 'உறுதி' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் பதில் போகும். முடித்ததும் அவளிடம்தான் முதலில் காட்டினேன்.

"அட, கண்ணாடி போடாமலே தெரியுது லா!" என்று குழந்தை மாதிரி கத்தினாள். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஷா ஆலம் தொழிற்சாலையில் கூட்டம். குளிரில் விறைக்கும் அறை, சுவரை அடைத்து ஒரு டிவி. பயிற்சிப் பிரிவு மேலாளர் அம்மாள் என் பாடத்தை அந்த டிவியில் போடச் சொன்னார். போனுக்கான பக்கத்தைச் சுவரில் போட்டால் எப்படி இருக்கும்? நட்டநடுவில் ஒல்லியாக நின்றது. போனில் பாருங்கள் என்று நீட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. ஏன் இவ்வளவு நீளம், யார் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றார். உறுதிப் பொத்தான் வீண், தொட்டதும் பதில் போகட்டும் என்றார். தாங்கள் வகுப்பில் காட்டும் பழைய ஸ்லைடுகளைப் போட்டு, இதே மாதிரி வேண்டும் என்று முடித்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதப் படிக்கப்போறவங்க ஒருத்தர்கூட அந்த ரூம்ல இல்லையே பாஸ்!" என்று கார் நிறுத்துமிடத்தில் முதலாளியிடம் கத்தினேன்.

"க்ளையண்டுக்குப் பிடிச்சா போதும் லா. நீ செய்யலன்னா வேற ஆள் செய்வான்," என்றார், சாவியைத் தேடிக்கொண்டே. மனிதர் கெட்டவரில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

செய்தேன். வேறென்ன செய்வது? பெரிய ஸ்லைடு அப்படியே சுருங்கிப் போனுக்குள் உட்கார்ந்தது, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. அக்காவைக் கூப்பிட்டு, போனைப் படுக்கவைத்துப் பிடி, கேள்விப் பக்கத்தில் மட்டும் விரலை வைத்துப் பெரிதாக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். "சரிடி, சரிடி," என்றாள்.

பரீட்சையைத் தொழிற்சாலை கேன்டீனில் சூப்பர்வைசர் முன்னால் வைத்தார்கள். அந்த வார ஞாயிறு நான் போனபோது அக்கா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபெயில்டி," என்றாள், திரும்பாமலே. கேள்விகளெல்லாம் தினமும் செய்கிற வேலையைப் பற்றியவைதான். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாததால் கை தன்னாலே பெரிதாக்கப் போயிருக்கிறது. விரல் பட்ட இடமெல்லாம் பதிலாகப் போய்விட்டது.

"மத்தவங்களுக்கு?"

"பாதிப் பேருக்கு அதே கதைதான். ஒரே சத்தம். சூப்பர்வைசரும், பாடத்துலதான் ஏதோ கோளாறு, இன்னொரு தடவ வைக்கிறேன்னு சொல்லிட்டாரு."

"அப்புறமென்னக்கா! நல்லதாப் போச்சு!"

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "எந்த முட்டாள் இத செஞ்சான்னு ஒருத்தி திட்டினாடி. எனக்கு மனசு கேக்கல. எல்லார்கிட்டயும் நீ செஞ்சதுன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். என் தங்கச்சி செஞ்சதுல ஒரு கொறையும் இல்ல, எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொல்லிட்டேன்."

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கண் தெரியாத ஆளை ரசாயனத்தில் விட முடியாது என்று அவளை மட்டும் நிறுத்திவிட்டார். மற்றவர்கள் மறுபடியும் எழுதுகிறார்கள். இந்த மாதத்தோடு அக்காவுக்கு வேலை இல்லை.

"பைத்தியமாக்கா உனக்கு? நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே!" என்று அழுதுகொண்டே கத்தினேன். அந்த மேலாளர் அம்மாளிடம் கத்த வேண்டியது, இவளிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

அவள் டீயை என் பக்கம் நகர்த்தினாள். "அத விடு. அவங்க திட்டினது உங்க ஆபீஸுக்குப் போயிருக்குமா? உன் வேலைக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

"ஆகாதுக்கா," என்றேன். அதே மாதிரி இன்னொரு பாடம் செய்துதரச் சொல்லி அந்த மேலாளர் அம்மாள் வெள்ளிக்கிழமையே கேட்டிருந்தார்.